வாத்து மட்டும் விழவில்லை

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு மாத இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சறுக்கி விழுறது, கதவுல முட்டிக்கிறது, மூஞ்சியில மாவு அப்பிக்கிறது, இந்த மாதிரி படமெல்லாம் ஏன் எல்லாருக்கும் பிடிக்குது? லேசா, சிரிச்சுக்கிட்டே படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். லேசாகத்தானே என்று ஒத்துக்கொண்டேன். அதைவிடக் கனமான வேலையை நான் தூக்கியதில்லை. 'வீழ்ச்சியின் அழகியல்' என்று தலைப்பு வைத்துவிட்டு, அதைப் படித்த மாத்திரத்தில் நானே கொட்டாவி விட்டேன்.

அந்த வாரம் பார்த்துக் கடைவாய்ப் பல் ஒன்று என் காலை வாரியது. பல் மருத்துவமனையில் ஊசி போட்டு, கன்னம் மரத்துப் போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி, கையில் என்ன காகிதம் என்று கேட்டார். காட்டினேன். தலைப்பைப் படித்தார். "இதைப் படிச்சு யாரு சார் சிரிப்பாங்க?" என்றார். பிறகு தன் கணவருக்கும் அண்ணனுக்கும் நடந்ததைச் சொன்னார். நான் பாதி முகத்தால் சிரித்தேன். மீதிப் பாதியில் எச்சில் ஒழுகியது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். என் கட்டுரை தேடிக்கொண்டிருந்தது அந்த நாற்காலியிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே கட்டுரையைக் கிழித்துவிட்டு அவர் சொன்னதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'மழை விட்டிருந்தது. சன்னல் கம்பிகளில் துளிகள்…' (வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை. துளி இருந்தால் கதைக்கு ஒரு மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன்.)

'மனிதன் நிமிர்ந்து நின்ற நாளிலிருந்தே விழவும் தொடங்கிவிட்டான் என்பதை நாம்…' (கிழித்துப் போட்ட கட்டுரை குப்பைக்கூடையிலிருந்து எட்டிப் பார்க்கிறது.)

'மாப்பிள்ளை குப்புறப் படுத்திருந்தார்.'

இது போதும். கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாப்பிள்ளை குப்புறப் படுத்திருந்தார். வரவேற்பு மேசைப் பெண்மணியின் கணவர், டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாள் காலை, வண்டியைக் கிளப்பும்போது வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை இறங்கியது. துடைத்துப் பார்த்தார், போகவில்லை. விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் காற்றுக்குமிழ் மாதிரி ஒன்றை நிரப்பி அனுப்பினார்கள். அந்தக் குமிழ் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமானால் மாப்பிள்ளை குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். தின்பதும் குடிப்பதும் தலையைக் கவிழ்த்தபடிதான். இருமக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குலுங்கக் கூடாது.

(இன்னொரு கண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதிலும் ஓட்டை விழத் தொடங்கியிருந்ததாம். லேசர் வைத்து, கொஞ்ச நாள் அதற்கும் ஓய்வு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மாப்பிள்ளையின் இரண்டு கண்களும் கட்டுப் போட்டு மூடித்தான் இருந்தன.)

கண் சரியானால் பஸ். சரியாகாவிட்டால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

காலையில் மனைவி பார்த்துக்கொண்டாள். மதியத்திலிருந்து அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை, இதற்கு மேல் விடுப்பு கிடையாது. மதியத்துக்கு ஆள் வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் என்றால் மாப்பிள்ளைக்கு மச்சான். அந்த மச்சானும் மாப்பிள்ளையும் நாலு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

"வரேன்" என்றார் மச்சான். "பேசணும்னு மட்டும் சொல்லாதே."

3

மச்சானைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். யாராவது கடைப்படியில் உருண்டாலோ, தொழிற்சாலையில் வழுக்கினாலோ, ஏணி சரிந்தாலோ இவர்தான் போய்ப் பார்ப்பார். தரையைத் தடவுவார், படியை அளப்பார், விழுந்தவரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "எப்படி விழுந்தீங்க?" சறுக்கி விழும் படத்தைப் பற்றிய கதைக்கு, விழுவதையே தொழிலாகப் பார்க்கிற ஆள்! இதை யார் நம்புவார்கள்? அதனால் கதையின் முதல் வரைவில் அவரைப் பள்ளிக்கூட வாத்தியாராக மாற்றினேன். கண்ணாடியும் கடுகடுப்புமாக ஒரு முசுடு வந்து நின்றது, உயிரே இல்லை. பிறகு உண்மையான தொழிலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இந்த மாதிரிப் படங்கள் அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, "இந்நேரம் அவனுக்கு இடுப்பெலும்பு போயிருக்கும்" என்பார். தொலைக்காட்சிக்கு முன்னால் அவரோடு உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள்.

முதல் இரண்டு மதியங்களும் பேச்சே இல்லாமல் கழிந்தன. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நேரம் பார்த்து, உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீரை மாப்பிள்ளையின் வாய்க்குக் கீழே கொண்டுபோய் நீட்டுவார். மாப்பிள்ளை குடிப்பார். மின்விசிறி மட்டும் பேசும்.

மாப்பிள்ளை சும்மா இருக்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் ஏறுகிற ஆளுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். மூன்றாம் நாள் அவரால் முடியவில்லை.

"மச்சான், டிவியையாவது போட்டு விடுங்க. சத்தமாச்சும் கேக்கட்டும்."

மச்சான் பதில் சொல்லாமல் போட்டார். கைக்கு வந்த படத்தில் விட்டார். ஏதோ ஒரு ஹோட்டல் படம். வசனம் குறைவு, ஓட்டமும் இசையும்தான். திடீரென்று நூறு பாத்திரங்கள் ஒன்றாகச் சரிகிற சத்தம்.

"என்ன ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

மச்சான் பேசவில்லை.

"மச்சான், என்ன ஆச்சு?"

"விழுந்துட்டான்."

"யாரு?"

"சமையக்காரன்."

"எப்படி விழுந்தான்?"

வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் மச்சான் விட்டிருப்பார். இது அவருடைய சொந்தக் கேள்வி. எத்தனையோ பேரிடம் அவர் கேட்டது. அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

4

"ஆம்பளை. வயசு ஐம்பதுக்குப் பக்கம். கனத்த உடம்பு. சமையலறையிலேர்ந்து ஒரு வாத்து தப்பிச்சு ஓடுது, அதைத் தொரத்திக்கிட்டு வர்றான். தரையில புதுசா மெழுகு போட்டிருக்காங்க. எச்சரிக்கைப் பலகை வைக்கல."

"வைக்கலையா!"

"வைக்கல. வாத்து அந்தத் தரை மேல நடந்து போயிடுச்சு. இவன் இடது கால் முன்னால போகுது, வலது கால் வேற எங்கேயோ போகுது. ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை இல்ல. கையை நீட்டித் தட்டு அடுக்கியிருந்த அலமாரியைப் பிடிக்கிறான். அலமாரியைச் சுவத்தோட சேர்த்து ஆணி அடிக்கல. அதுவும் தப்பு."

கட்டில் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குலுங்காதீங்க" என்றார் மச்சான்.

"நான் குலுங்கல மச்சான். யாரு மேல தப்பு?"

"ஹோட்டல் மேலதான்."

"வாத்து மேல இல்லையா?"

"வாத்துக்குப் பொறுப்பு கிடையாது. வாத்தை வச்சிருக்கிறவன் மேல வரும்."

அவ்வளவுதான், மாப்பிள்ளை முகம் வைக்கக் கொடுத்திருந்த தலையணை வளையத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலை மட்டும் ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மச்சானுக்கு விளங்கவில்லை. நகைச்சுவையாக அவர் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். இருந்தாலும் அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோட்டல் மேலாளர் படியில் உருண்டார். பெட்டி தூக்குகிறவர் லிஃப்டுக்குள் பெட்டியோடு தலைகீழாக நின்றார். புதிதாக வந்த விருந்தாளி, பாவம், எதுவுமே செய்யாமல் மூன்று முறை விழுந்தார். மச்சான் ஒவ்வொன்றையும் இடம், காரணம், உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். போகப் போக அவரிடம் ஒரு சின்ன மாற்றம். விழுவதற்கு முந்தி ஒரு கணம் நிறுத்த ஆரம்பித்தார். "கையில கேக். எதிர்ல கதவு. கதவு இந்தப் பக்கமா தொறக்கிற கதவு." நிறுத்தம். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். "தொறந்தாச்சு."

"வாத்து?"

"வாத்து மட்டும் விழல."

(இங்கே கிழித்த கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். விழுகிறவன் நாமல்ல என்ற நிம்மதியில்தான் சிரிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் படங்களில் விழுந்தவன் எழுந்துவிடுகிறான். தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறான். எலும்பு உடைவதில்லை, வேலை போவதில்லை, யாரும் செத்துப்போவதில்லை. அப்படி ஒரு உலகத்தை ஒன்றரை மணி நேரம் பார்க்கக் கொடுத்தால் யார்தான் வேண்டாமென்று… சரி, நிறுத்திக்கொள்கிறேன். கட்டிலில் கிடப்பவரிடம் போவோம்.)

5

நாலு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று இப்போது சொல்லியாக வேண்டும். தனியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மச்சானே சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

படம் முடிகிற நேரம். வாத்தை நாலு பக்கமும் வளைத்துவிட்டார்கள். ஒற்றைக் காலைத் தூக்கியபடி வாத்து நின்றது. அப்படியே நின்றுவிட்டது. இணைய இணைப்பு போய்விட்டது. திரைக்கு நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. இசையும் நின்றது.

மச்சான் திரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். மாப்பிள்ளை கையிரண்டாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த விழுதலுக்குத் தயாராகக் கிடந்தார்.

"அப்புறம் மச்சான்?"

(சத்தம் நின்றது அவருக்குத் தெரியாதா? தெரியும். மூடியிருந்தது கண்களைத்தான், காதுகளை அல்ல. தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.)

மச்சான் இதுவரை எதையும் இட்டுக்கட்டிச் சொன்னதில்லை. அவர் தொழிலில் அதைச் செய்வது மற்றவர்கள், கண்டுபிடிப்பது இவர். ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "வாத்து பின்கதவு வழியா வெளிய போயிடுச்சு" என்றார்.

"ஆகா. அப்புறம்?"

"வெளிய வெறும் சிமெண்டுத் தரை. ஈரம். குழாயை யாரோ சரியா மூடல."

"பலகை?"

"வைக்கல. அந்தப் பக்கம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பாத்திரம் கழுவ வச்சிருக்காங்க. தண்ணி ரொம்பியிருக்கு. இந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வர்றான். கையில நாற்காலி. ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு. முன்னாடி என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியல."

கட்டில் அசையவில்லை.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"ம்."

"வேணாம் மச்சான்."

"இருங்க. அவன் இன்னும் விழல."

மாப்பிள்ளையின் கை கட்டில் சட்டத்தை விட்டுக் கீழே தொங்கியது.

"வீட்டுல நெறைய பேரு. எல்லாரும் மெதுவா பேசிக்கிட்டு இருக்காங்க. அன்னைக்குக் காலையிலதான் அவன் அம்மா போய்ச் சேர்ந்திருக்காங்க. அவன் மூத்தவன். அழக்கூட நேரமில்ல. வந்தவங்க உக்கார நாற்காலி வேணும்னு யாரோ கேட்டாங்க, எடுத்துக்கிட்டு வர்றான். வலது குதிகால் முதல்ல போச்சு. நாற்காலியை விட்டிருந்தா கையை ஊன்றித் தப்பிச்சிருக்கலாம். விடல. நேரா போய்த் தொட்டியில உக்காந்துட்டான். முட்டி தாடையில இடிக்குது, பக்கவாட்டுல தண்ணி பொங்கி வழியுது. உக்காந்த வேகத்துல மேல போன நாற்காலி ஒவ்வொண்ணா வருது. ஒண்ணு தலையில. ஒண்ணு தோள்ல. ஒண்ணு மடியில, அதுல யாராச்சும் உக்காரலாம்ங்கற மாதிரி நேரா. ஒண்ணு தள்ளி விழுந்துச்சு."

மாப்பிள்ளையின் முதுகு இறுகிப்போயிருந்தது.

"சிரிங்க மாப்பிள்ளை."

"மாட்டேன்."

"அன்னைக்குச் சிரிச்சீங்களே."

"அன்னைக்குச் சிரிச்சதுக்கு நாலு வருஷம் பேசாம இருந்தீங்க மச்சான். இன்னைக்கும் சிரிச்சா நான் செத்த பிறகுதான் பேசுவீங்க."

மச்சான் நாற்காலியை விட்டு இறங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் தெரிந்தது. இரண்டு வெள்ளைக் கட்டு, கீழே மூக்கு.

"எங்கம்மா எப்படின்னு உங்களுக்குத் தெரியும். தெருவுல யாராவது விழுந்தா முதல்ல சிரிச்சிடும். அப்புறந்தான் ஓடிப்போய்த் தூக்கும். சிரிச்சுக்கிட்டேதான் தூக்கும். எனக்கு அதுல எவ்வளவு வெக்கமா இருக்கும், சின்ன வயசுல! அன்னைக்குத் தொட்டியில உக்காந்திருக்கேன். வீடே கப்சிப்னு இருக்கு. உள்ளேர்ந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு. ஒரு நொடி, ஒரே நொடி, அது அம்மான்னு நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. பார்த்தா நீங்க."

மின்விசிறி சுற்றியது.

"அதுக்குத்தான் கோவம். நீங்க சிரிச்சதுக்கு இல்ல. அது அம்மாவா இல்லையேன்னு."

மாப்பிள்ளையால் தலையைத் தூக்க முடியாது, முகம் தரைக்கு நேராக இருக்கத்தான் பேசினார். "நான் ஒண்ணு சொல்லவா? சிரிச்சுட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். அத்தை சிரிக்கிறாங்களான்னு பாக்க. இந்த மாதிரி எது நடந்தாலும் நானும் அவங்களும்தான் ஒருத்தர ஒருத்தர் பாத்துப்போம். திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, அவங்க எங்க படுத்திருக்காங்கன்னு."

மச்சான் மாப்பிள்ளையின் தொங்கிக்கொண்டிருந்த கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தார்களோ.

(இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு கை, மதிய வெயில். வாசகர் ஒருவராவது கண்ணைத் துடைப்பார். ஆனால் நடந்தது அப்படி முடியவில்லை. கனமான நேரத்தில் எவனாவது ஒருவன் கால் தவறுவதுதானே இந்தப் படங்களின் வழக்கம்.)

"மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"சொல்லுங்க."

"நாலு நாற்காலிதான் சொன்னேன்."

மாப்பிள்ளை யோசித்தார். "ஆமா."

"அஞ்சாவது, மேல துணிக்கொடியில மாட்டிக்கிச்சு. எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு நான் எழுந்திருச்சேன்."

நிறுத்தம்.

"எழுந்திருச்ச பிறகு வந்துச்சு."

முதலில் யார் ஆரம்பித்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. மாப்பிள்ளையின் தோள் துள்ளியது. "குலுங்காதீங்க, குலுங்காதீங்க" என்று அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட மச்சான், தான் குலுங்குவதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கட்டில் காலில் சாய்ந்தார். அவருக்குச் சிரித்துப் பழக்கமில்லை. விக்கலுக்கும் தும்மலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாப்பிள்ளைக்கு இன்னும் தாங்கவில்லை. அதே நேரம் பார்த்து இணைப்பு திரும்பி வந்தது. திரையில் வாத்து தூக்கிய காலைக் கீழே வைத்து, "க்வாக்" என்றது.

6

இப்போது முடிவு. கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், நியாயம்தான்.

ஒரு முடிவில், கட்டைப் பிரித்ததும் பார்வை பளிச்சென்று வந்தது, மாப்பிள்ளை மறுபடி பஸ் ஓட்டினார். எழுதினேன், எனக்கே இனித்தது, அடித்துவிட்டேன். இன்னொன்றில் அந்தச் சிரிப்பால் குமிழ் நகர்ந்து கண் போயிற்று. அதை எழுதத் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில்… இல்லை, அதை எழுத என்னால் முடியாது.

உண்மையில் நடந்தது இரண்டுக்கும் நடுவில். பார்வை வந்தது. ஆனால் நேர்கோடுகள் கொஞ்சம் நெளிந்து தெரிகின்றன. கதவு நிலை, மின்கம்பம், சாலை நடுவில் போடும் வெள்ளைக் கோடு எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல. சிரித்ததால் இல்லை, கழன்ற விழித்திரை திரும்ப ஒட்டினால் சில பேருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். மச்சான் அதை அவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பஸ் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. பணிமனையில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிற வேலை கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானும் சுவரைப் பார்த்தார். இப்போது மாப்பிள்ளை ஓட்டுநர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார். அதனால் வண்டிகள் தாமதமாகக் கிளம்புகின்றன என்று புகார் இருக்கிறது.

ஆனால் கதையை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. அந்த மதியத்திலேயே நிற்கிறேன்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது பூட்டில் சாவி திரும்புகிறது. பல் மருத்துவமனையில் மின்சாரம் போய், சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். தங்கை உள்ளே வருகிறாள். கணவன் கட்டிலில் முகம் கவிழ்ந்து துள்ளுகிறார். சிரிக்கவே தெரியாத அண்ணன் தரையில், சட்டை கசங்கி, கண்ணில் நீர் வழிய, கணவனின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, என்ன ஆச்சு? கண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? அண்ணா, என்னன்னு சொல்லேன்!"

அண்ணன் கையைத் தூக்கிக் காட்டுகிறார். வாய் திறக்கிறார். "நாற்…" என்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. கணவன் முயன்று பார்க்கிறார். "அஞ்…" என்பதோடு அவரும் சரி.

பையைத் தோளிலிருந்து இறக்காமல், செருப்பைக் கழற்றாமல் அவள் நிற்கிறாள். பயத்தில் முகம் வெளுத்திருக்கிறது. இவர்கள் இப்போதைக்குப் பேசுகிற மாதிரி இல்லை. நான் சொல்லப் போனால் கட்டுரையாகிவிடும். ஆரம்பத்திலிருந்து அறைக்குள் இருந்தவர் நீங்கள்தான். நீங்களே சொல்லிவிடுங்கள். அவசரப்படாமல் சொல்லுங்கள். அவளும் அந்த அம்மா பெற்ற பெண்தான். நீங்கள் முடிக்கும்வரை சிரிக்கக் காத்திருக்க மாட்டாள்.